அக்கா என்ன சொல்றாங்க?

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். அத்தானுக்கு முதுகுவலி, எனக்கு முழங்கால்வலி, உன் மருமகளுக்குக் காலையில் எழுந்து கல்லூரிக்குப் போகிற வலி. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர்தான் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மலைக்குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது. மப்ளரைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் கழுத்தில் சுற்றிக்கொள்.

சுரங்கப்பாதை தோண்டுகிற முகாமில் ஸ்டோர் கீப்பர் வேலை என்றதும், "வாயே திறக்காம செய்யற வேலை ஒருவழியா உன் தம்பிக்குக் கிடைச்சிடுச்சு" என்றார் அத்தான். நான் முறைத்தேன். வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், சாமான் லாரியில் வரும் கடிதம் ஒன்றுதான் வழி என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் ஒரு ரகசிய சந்தோஷம். கடிதத்தில் பேசினால் யாரும் குறுக்கே பேச முடியாது.

இங்கே நான் ஒரு வாக்கியத்தை முடித்துப் பல நாளாகிறது. நேற்று டிவியில் மந்திரி ஒரு பாலத்தைத் திறந்துவைத்தார். அதே பாலத்தை அவர் ஏற்கெனவே ஒரு முறை திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பாலத்துக்குப் போற ரோட்டைப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். அத்தான் "உஷ்" என்றார். ரிப்பன் வெட்டுவதை ஏன் அமைதியாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

நிலவில் கலம் இறங்கிய அன்று எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவே லென்ஸைத் துடைத்தபடியே டிவியில் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. "எல்லாம் தண்டச் செலவு" என்றார் ஒரு வாடிக்கையாளர். அவர் மூக்கில் இருந்த ஃப்ரேமின் விலை எனக்குத் தெரியும் என்பதால் பேசாமல் இருந்தேன். மனிதன் வயிற்றுக்கு மட்டும் செலவு செய்தால் போதும் என்றால் கழுத்துக்கு மேலே எதற்கு இத்தனை கனம்?

அப்புறம் நம் அறுபது வயதுக் கதாநாயகன். மகள் வயதுப் பெண்ணை மூன்றாம் கல்யாணம் செய்துகொண்டாராம். கடையில் எல்லோரும் அவர் இளமையைப் பாராட்டினார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. இனி அவர் படம் இலவசமாக ஓடினாலும் போக மாட்டேன்.

தாள் தீர்ந்துவிட்டது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மப்ளர் கழுத்தில்தான் இருக்கிறது. அத்தானையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

ஒரு விஷயம். கோபப்படாதே. உன் கடிதத்தை மெஸ்ஸில் உட்கார்ந்து படிக்கும்போது சிரித்துவிட்டேன். எதிரில் பாறை அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துளை போடும் மிஷினை இயக்குகிறவர் அவர், இங்கே எல்லோருக்கும் மூத்தவர். பாறையைத் துளைப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று நினைக்காதே. படுத்தால் அசைய மாட்டார்.

"என்னடா, லவ் லெட்டரா?"

"அக்கா எழுதினது அண்ணே."

"அக்கா எழுதினதுக்கா இப்படிச் சிரிக்கிற? சத்தமா படிடா. நாங்க சிரிச்சே ரொம்ப நாளாச்சு."

படித்தேன். ரிப்பன் விஷயத்தில் மெஸ்ஸே இடிந்துவிழுந்தது. சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். இங்கே டிவி இல்லை, ரேடியோ மலைக்குள் பிடிக்காது, பேப்பர் வரும்போது பழசாகியிருக்கும். இப்போது எதற்காகவாவது இரண்டு பேர் வாக்குவாதம் செய்தால், "அக்கா என்ன சொல்றாங்க, கேளு" என்கிறார்கள்.

அக்கா, நான் வந்து இத்தனை மாதத்தில் என்னிடம் யாரும் ஆணி, போல்ட்டு தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. இப்போது எனக்கு நடு மேஜையில் இடம் போட்டு வைக்கிறார்கள்.

சீக்கிரம் எழுது. நீளமாக எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இங்கே உடம்புக்குக் குறைவில்லை. மனதுக்குத்தான் உன் கடிதம் வந்ததிலிருந்து படபடப்பு.

 நான் எழுதியதை ஒரு கூட்டம் கேட்டதா? அதுவும் இரண்டு தடவையா? முதலில் உன் காதைத் திருகத் தோன்றியது. அத்தானின் முதுகையும் சேர்த்தா படித்தாய்? பிறகு கண்ணாடி முன்னால் நின்று என்னைப் பார்த்தேன். இந்த முகம் பேசினால் வீட்டில் சேனல்கூட மாறாது. அங்கே கரண்டியோடு ஒருவர் வந்து நின்றிருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதில் எழுதுகிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உங்கள் மெஸ்ஸுக்குச் சொல்: பாட்டுப் போட்டியில் நடுவர்கள் அழுவதை நான் நம்புவதில்லை. கண் துடைக்கிறார்கள், மை கலைவதே இல்லை. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் ஆயுசு கூடும் என்று ஓர் ஆராய்ச்சி வந்திருக்கிறது. போன வருஷம் வலது பக்கம் என்றார்கள். நடுவில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? தேர்தல் வருகிறது. நிற்கிற யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வரிசையில் போய் நிற்பேன். என்னை யாரும் குறுக்கே வெட்டாமல் நான் கருத்துச் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான். இப்போது உங்கள் மெஸ்ஸும் சேர்ந்துவிட்டது.

நான் எல்லாம் தெரிந்தவள் இல்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடு.

அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பாறை எழுதுவது. வயதில் நான்தான் மூத்தவன். ஆனாலும் இங்கே எல்லோருக்கும் நீங்கள் அக்காதான், எனக்கும் அப்படியே. நீங்களும் உங்கள் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் விலாசத்தை உங்கள் தம்பி மேஜையிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். திட்டாதீர்கள்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் போன மாதம் மட்டும் நாலு கடிதம் போட்டிருக்கிறீர்களே, ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா? நிலவுக்குக் கலம் விடுவது தண்டச் செலவு என்று எழுதினீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான், சொல்லத் தெரியாமல் இருந்தேன். அந்த நடிகர் கல்யாணம் செய்தால் அது அவர் சொந்த விஷயம், ஊருக்கு என்ன வந்தது என்று கேட்டீர்கள். அதுவும் நியாயம். ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று நீங்கள் எழுதியதைக் கேட்ட பிறகு, லீவு கொடுத்தும் நான் ஊருக்குப் போகவில்லை. இங்கேயே படுத்துத் தூங்கினேன்.

பீடி பற்றி எழுதினீர்களே, அதற்குத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். விட்டுவிட்டேன். முதல் ஒரு வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன், இப்போது பழகிவிட்டது. என் மனைவிக்குக் கோபம். "கல்யாணமான நாளா நான் சொல்றேன். யாரோ ஒரு அக்கா சொன்னா உடனே கேக்கறீங்க" என்று எழுதியிருக்கிறாள்.

தொடர்ந்து எழுதுங்கள். உங்கள் கடிதம் வருகிற நாளில் இங்கே யாரும் சண்டை போடுவதில்லை.

இப்படிக்கு,
பாறை


ஏப்ரல் 15

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

பாறை அண்ணன் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பிப்ரவரிக் கடைசியில் நான் எழுதிய ஒன்றுதான் போன மாதம் உனக்கு வந்திருக்கும். அவர் கேட்டது நாலு. நிலவு தண்டச் செலவு என்று நான் எழுதினேனா? எந்த நடிகரின் கல்யாணத்தை அருவருப்பு என்றேனோ, அவருக்கு நானே பரிந்து பேசியிருக்கிறேன். நான் இங்கே வெயிலில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அங்கே என் பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் ஓட்டுப் போடாமல் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

அந்த மூன்று கடிதங்களையும் எனக்கு அனுப்பு. நான் என்ன நினைக்கிறேன் என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

இரண்டு நாளாகக் கடையில் கண்ணாடிப் பவர் எண்களைத் தப்பாக எழுதுகிறேன். என் பெயரைப் போட்டுக்கொண்டு இன்னொருத்தி மலைமேல் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. அவளுக்கு என்னைவிடத் தைரியம் அதிகம். பீடியை விடு என்கிறாள், விட்டுவிடுகிறார்கள். நான் அத்தானிடம் பல வருஷமாகச் சொல்கிறேன். அவள்மேல் எனக்குப் பொறாமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நீ என்னதான் செய்துகொண்டிருக்கிறாய்?

அக்கா


மே 1

அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? எனக்கு லேசாக ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

கோபப்பட்டிருக்கிறாய். நியாயம்தான். மார்ச்சில் லாரி வந்தும் உன் கடிதம் ஒன்றுக்கு மேல் வரவில்லை. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். "அக்கா ஒன்னுமே எழுதலையா? இல்ல, எங்ககிட்ட மறைக்கிறியா?" என்கிறார்கள். ஒருநாள் ஸ்டோரில் கிடந்த வெறும் தாளை எடுத்துப்போய், அதைப் பார்த்துப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர்களுக்கு எது பிடிக்குமோ அதைச் சொன்னேன். நிலவு தண்டச் செலவு என்று பாதி மெஸ் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நடிகருக்கு இங்கே ரசிகர்கள் அதிகம். ஓட்டு விஷயம் பேச்சுவாக்கில் வந்துவிட்டது. உன் நிஜக் கடிதங்களைப் படித்தபோதே இந்த மூன்று இடங்களையும் படிக்காமல் தாண்டியிருந்தேன். அனுப்புவதற்கு என்னிடம் எந்தக் கடிதமும் இல்லை அக்கா, எல்லாம் வெறும் தாள். யாருக்கும் கெடுதல் இல்லையே? பாறை அண்ணன் பீடியை விட்டதை நினைத்துப் பார்.

இப்போது நிஜமாகவே உன் கருத்து வேண்டும். சுரங்கத்துக்குள் கேஸ் அலாரம் ஒன்று இருக்கிறது. கெட்ட காற்று சேர்ந்தால் கத்தும். கொஞ்ச நாளாக அடிக்கடி கத்துகிறது. கத்தும்போதெல்லாம் எல்லோரும் வெளியே ஓடிவருகிறார்கள், கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்கிவிடுகிறது. ஈரத்தில் மெஷின் கெட்டுவிட்டது என்கிறார் ஃபோர்மேன். கத்தினால் உள்ளே போக மாட்டோம் என்கிறார்கள் ஆட்கள். வேலை நிற்கிறது, மேலிடத்திலிருந்து ஃபோர்மேனுக்குத் திட்டு. இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? திரும்பி வருகிற லாரியிலேயே வருகிற மாதிரி உடனே எழுது.

உன் தம்பி


மே 10

தம்பி,

ஜலதோஷத்தை வளரவிடாதே.

நீ இட்டுக்கட்டிய கடிதங்களுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அலாரம்.

இது நடிகர் கல்யாணம் இல்லை. எனக்கு அலாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுரங்கத்தைப் பற்றியும் தெரியாது. என் கருத்தைக் கேட்கவே கூடாத விஷயம் இது. மெஷின் கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். எது என்று இங்கே கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிற நான் எப்படிச் சொல்வேன்? அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அதுவரை அது கத்தினால் யாரும் உள்ளே போகக் கூடாது. ஃபோர்மேன் திட்டு வாங்கினால் வாங்கட்டும். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

இதை அப்படியே படி. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. மற்ற எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

எனக்கு மனசே சரியில்லை. படித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

நான் சுகம். அங்கேயும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மழை பிடித்துக்கொண்டது. ரோடு அடிக்கடி அடைபடுகிறது, கடிதங்கள் தாமதமாகத்தான் வருகின்றன. உன்னுடையதும் தாமதமாகத்தான் வந்தது.

ஸ்டோரில் கணக்கு எடுக்கிறார்கள். அதனால் வேலை அதிகம். மெஸ்ஸில் இப்போது கடிதம் படிப்பதில்லை. எல்லோரும் சீக்கிரம் படுத்துவிடுகிறார்கள்.

சமையல்காரர் உன்னைக் கேட்டார். மருமகள் பரீட்சை எழுதிவிட்டாளா?

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. முகாமில் பாறை என்று கூப்பிடுவார்களே, அவருடைய மனைவி நான். தையல் கடையில் வேலை செய்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

அவருக்கு மே மாதக் கடைசியில் சுரங்கத்துக்குள் கெட்ட காற்று அடித்துவிட்டது. பின்னால் போன இரண்டு பேர் இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. மூச்சில்லாமல் கிடந்ததால் மூளையில் அடிபட்டுவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். கை நடுங்குகிறது. ஒரு வார்த்தை சொல்ல ரொம்ப நேரம் ஆகிறது. சில நேரம் என் முகம் தெரிகிறது, சில நேரம் தெரிவதில்லை. உங்களைப் பற்றி மட்டும் தெளிவாகப் பேசுகிறார்.

அன்றைக்கு அலாரம் கத்தியபோது மற்றவர்கள் தயங்கி நின்றார்களாம். "அக்காவே சொல்லிட்டாங்க, அது வெறும் சத்தம்னு. வாங்கடா" என்று இவர்தான் முதலில் உள்ளே போயிருக்கிறார். முதல் நாள்தான் உங்கள் கடிதத்தை மெஸ்ஸில் படித்தார்களாம்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் படித்தவர், தெரியாமல் சொல்லியிருக்க மாட்டீர்கள். இவராகவே உள்ளே போனார், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி எழுதியிருக்கிறது. என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். விசாரணை நடக்கிறது. அலாரம் வெறும் சத்தம் என்று எதை வைத்துச் சொன்னீர்கள், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், இவர் காரணத்தோடுதான் உள்ளே போனார், பைத்தியக்காரத்தனமாகப் போகவில்லை என்று நான் அவர்களிடம் காட்டுவேன்.

சிரமத்துக்கு மன்னிக்கவும். உங்கள் விலாசம் அவர் சட்டைப் பையில் இருந்தது.

இப்படிக்கு,
பாறையின் மனைவி


ஜூலை 3

தம்பி,

பாறை அண்ணனின் மனைவி எழுதிய கடிதத்தை அப்படியே நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படி.

 கடையிலிருந்து பாதியிலேயே வந்துவிட்டேன். "என்னாச்சு?" என்றார் அத்தான். சொல்ல ஆரம்பித்தேன். டிவியை அவரே அணைத்தார். கடைசிவரை பேசினேன், ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. 

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார் அந்த அம்மா. இதற்கு நான் என்ன பதில் எழுதுவேன்?

நான் மே பத்தாம் தேதி எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. "வேறு விசேஷம் ஒன்றுமில்லை" என்று நீ எனக்கு எழுதியபோதும் அது உன்னிடம்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போ. முதலில் தேதியைப் படி. பிறகு கடிதத்தைப் படி. அன்றைக்கு நீ படித்தது யாருடைய பேச்சு, யாராவது உன்னைச் சொல்ல வைத்திருந்தால் அது யார் என்பதையும் சொல். அதன்பின் அந்தக் கடிதத்தை விசாரணை செய்கிறவரிடம் கொடு.

உன் வேலை போகும். உன்னை அடிக்கலாம். அதெல்லாம் எனக்குத் தெரியும், யோசிக்காமல் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து உனக்காக எல்லோரிடமும் நான்தான் பேசியிருக்கிறேன். இதை மட்டும் நான் பேச முடியாது.

அந்த அம்மாவுக்கு எனக்குத் தெரிந்ததை இன்றைக்கே எழுதுகிறேன். உன்னைக் காப்பாற்றுகிற மாதிரி எதுவும் எழுத மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 27

அக்கா,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய். உடம்பில் அடி ஒன்றும் இல்லை. அதுவரை உண்மை.

மே முதல் தேதி ஃபோர்மேன் ஸ்டோருக்கு வந்து என் தோளில் கை போட்டார். அதற்கு முன்னால் அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. "நான் சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கிறான். உங்க அக்கா சொன்னா கேப்பானுங்க. அக்காவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன்" என்றார். அன்றைக்குத்தான் உனக்கு எழுதினேன். உன் பதில் வந்த பிறகு பார்க்கலாம் என்று அவரிடம் சொன்னேன், அது சத்தியம். லாரி வந்தும் உன் பதில் வரவில்லை. அவர் தினமும் வந்து நின்றார். "அக்கா இன்னும் யோசிக்கிறாங்களா?" என்று சிரித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெறும் தாளை எடுத்துப்போனேன். "பயமுறுத்தறதுக்குன்னே செஞ்ச மெஷின் பயமுறுத்தத்தான் செய்யும், டிவி நியூஸ் மாதிரி. அது வெறும் சத்தம்" என்று நீ எழுதியதாகப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பாறை அண்ணன்தான் முதலில் கை தட்டினார்.

மறுநாள் அவரைத் தூக்கி வந்தார்கள். உன் கடிதம் அதற்கு அப்புறம் வந்த முதல் லாரியில் இருந்தது. ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நேற்று நீ சொன்னபடியே மெஸ்ஸில் எழுந்து நின்றேன். தேதியைப் படித்தேன், கடிதத்தைப் படித்தேன், ஃபோர்மேன் சொன்னதையும் சொன்னேன். ஃபோர்மேன் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு பாறை அண்ணனை இழுத்து வந்த இரண்டு பேரில் ஒருவன் கேட்டான்.

"அப்ப நிலவுக் கடிதம்?"

"அது நான் சொன்னது."

"கல்யாணக் கடிதம்?"

"அதுவும் நான்தான்."

"பாலம்? ரிப்பன் வெட்டினது?"

"அது அக்கா. சத்தியமா அக்கா எழுதினது."

சமையல்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உண்மையைச் சொல்லுப்பா. அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்களா?"

உன் கடித உறையைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையும் நீயே எழுதியிருக்கலாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள்.

கடிதத்தை இன்று காலை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். ஃபோர்மேன் சொன்னதையும் நான் படித்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடியும்வரை முகாமை விட்டுப் போகக் கூடாது என்றிருக்கிறார்கள். ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அத்தான் என்ன சொன்னார்? மருமகளிடம் சொல்லிவிட்டாயா?

தம்பி


செப்டம்பர் 5

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? வீட்டில் எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் ஜூலையிலேயே கிடைத்தது. உடனே பதில் எழுத மனம் வரவில்லை. உங்கள் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத முடிந்தால் எழுதலாம் என்று காத்திருந்தேன். இன்னும் முடியவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

விசாரணை முடிந்தது. உங்கள் கடிதத்தையும் உங்கள் தம்பி எழுதிக் கொடுத்ததையும் என்னை வைத்துக்கொண்டே படித்தார்கள். அவராகவே உள்ளே போனார் என்ற வரியை அடித்துவிட்டார்கள். வைத்தியச் செலவு முழுக்கக் கம்பெனியைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஃபோர்மேன் இப்போது அங்கே இல்லை. அலாரத்தைப் பிரித்துப் பார்த்தார்களாம், அதில் ஒரு பழுதும் இல்லையாம். 

உங்கள் கடிதம் இல்லாமல் இது நடந்திருக்காது. அதற்கு நன்றி. இதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அவர் இப்போது வீட்டில் இருக்கிறார். பிடித்துக்கொண்டால் நடக்கிறார். நடந்தது எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் உங்களை நம்பித்தான் போனார், நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? மே மாதக் கடிதத்தின் நகலை விசாரணைக்காரர்களிடம் கேட்டு வாங்கி வந்தேன். முந்தாநாள் அவர் தெளிவாக இருந்தபோது நிறுத்தி நிறுத்திப் படித்தேன். "எனக்கு அலாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இது அக்கா இல்ல" என்றார்.

"இதுதாங்க அக்கா. முன்னாடி நீங்க கேட்டதெல்லாம்தான் அவங்க இல்ல."

ரொம்ப நேரம் முயற்சி செய்து பேசினார். "அக்காவுக்குத் தெரியாதுன்னு ஒன்னு கிடையாது. இது வேற யாரோ. பயந்தவங்க யாரோ எழுதி, அவங்க பேரைப் போட்டிருக்காங்க."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உங்கள் தம்பி ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதையும் காட்டினேன். அவனைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்கிறார். என் முகத்தை மறந்துபோகிற நாளில்கூட, கடிதம் வந்ததா, அக்கா என்ன சொல்றாங்க என்று கேட்கிறார்.

நேரில் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வாருங்கள் என்று கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை அக்கா. உங்களைப் பார்த்தும், இவங்க இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாறையின் மனைவி